ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறிக்க: குழந்தைகளுக்கேற்ற தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

நியூயார்க் மாநகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டிய ஊர்களில் ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்துள்ளன. அவற்றுள் பல, செப்டம்பர் தொடங்கி அக்டோபர் முடியும் வரை, வருவோர் தாமே பழம் பறித்துக்கொள்ள இடம் தருகின்றன. முதன்முறை செல்லும் குடும்பங்கள் சோளக்காட்டுப் புதிர்ப்பாதையையும் டிராக்டர் சவாரியையும் விளம்பரத்தில் பார்த்துவிட்டே தோட்டத்தை முடிவு செய்கின்றன. குழந்தை தன் கையால் ஒரு பழத்தையாவது பறிக்க வேண்டும் என்பது நோக்கமானால், விசாரிக்க வேண்டியவை வேறு.

1. முதலில் நாளும் பழவகையும்

எல்லா ஆப்பிளும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. காலாவும் மெக்கின்டாஷும் செப்டம்பரின் முற்பாதியிலும், ஹனிகிரிஸ்ப் அம்மாதத்தின் நடுவிலும், எம்பயர் மாத இறுதியிலும், ஃபியூஜி அக்டோபரின் பிற்பகுதியிலும் பறிப்புக்கு வருவது வழக்கம். வானிலையைப் பொறுத்து இது ஓரிரு வாரம் முன்பின் ஆகலாம். ஹனிகிரிஸ்ப்பை நாடியே பலர் வருவதால் அந்த வரிசைகள் விரைவில் காலியாகிவிடும். சிறு குழந்தைகளுடன் செல்வோருக்கு எம்பயரையே பரிந்துரைப்பேன். நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் மெக்கின்டாஷையும் ரெட் டெலிசியஸையும் கலந்து உருவாக்கி 1966இல் வெளியிட்ட அந்த வகையில், புளிப்பு அளவாகவும் இனிப்பு தூக்கலாகவும் இருக்கும்.

புறப்படும் வாரத்தில் தோட்டத்தைத் தொலைபேசியில் அழைத்து விளைச்சலைக் கேட்பது அவசியம். 2023 மே 18 அதிகாலையில் விழுந்த உறைபனி வடகிழக்கு மாநிலங்களின் பல தோட்டங்களில் பிஞ்சுகளை அழித்ததால், சென்ற ஆண்டு நன்றாக இருந்ததே என்று நம்பிச் செல்ல முடியாத நிலை அவ்வாண்டு ஏற்பட்டது. அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டிய நீண்ட வாரயிறுதியில் நெரிசல் மிகுதியாக இருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

2. மரத்தின் உயரம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே என்பது என் கருத்து. எங்கள் மகளுக்கு மூன்று வயதானபோது நாங்கள் சென்ற தோட்டத்தில் இருபது அடிக்கு மேல் வளர்ந்த பழைய மரங்களே இருந்தன. நான் ஏணியில் ஏறிப் பறிக்க, அவள் வெறும் பையுடன் கீழே நின்று அழுதாள். அதன் பிறகு, “உங்கள் மரங்கள் குட்டை ரகமா?” என்று கேட்காமல் நாங்கள் எங்கும் புறப்பட்டதில்லை. எம்.9 போன்ற, மரத்தைக் குட்டையாகவே வைத்திருக்கும் வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டிய மரங்கள் ஏறத்தாழ எட்டு முதல் பத்து அடி உயரத்தில் நின்றுவிடுவதோடு, முழங்கால் உயரத்திலிருந்தே காய்ப்பதால், நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் பழம் கைக்கு எட்டும்.

3. கட்டணம்

சில இடங்களில் பைக்கு மட்டும் விலை. சில இடங்களில் ஆளுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. ‘பெக்’ எனப்படும் சிறிய பையில் சுமார் பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோ, கொள்ளும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது தாராளம்.

4. தூய்மையும் பாதுகாப்பும்

ஆடு, கோழிகளைத் தொட்டுப் பார்க்க விடும் தோட்டமானால், அருகிலேயே சோப்பும் ஓடும் தண்ணீரும் உள்ளனவா என்று கேளுங்கள். விலங்குகளிடமிருந்து பரவும் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்குச் சோப்பிட்டுக் கழுவுவதே முதல் காப்பு. அங்கு விற்கும் ஆப்பிள் சைடர் (வடிகட்டாத ஆப்பிள் சாறு) பாஸ்டரைஸ் செய்யப்பட்டதா, அதாவது கிருமிகள் சாகும்படி சூடாக்கப்பட்டதா என்பதைப் புட்டியின் ஒட்டுத்தாளில் பாருங்கள். அப்படிச் செய்யாததைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் தரக்கூடாது. தரையில் விழுந்த பழங்களில் மான் எச்சம் பட்டிருக்கலாம், குளவியும் மொய்க்கும். ஆகவே அவற்றைப் பொறுக்க வேண்டாம்.

லைம் நோய் என்னும் பாக்டீரியத் தொற்றைக் கடியின் வழியே பரப்பும் மான் உண்ணிகள் அக்டோபரிலும் நடமாடும். முழுக்காற்சட்டையும் காலுறையும் அணிவித்து அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களை விளக்கொளியில் பொறுமையாகப் பாருங்கள்.

5. பறிக்கும் முறை

பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருகினால் முற்றிய பழம் காம்போடு கையில் வந்துவிடும். கீழ்நோக்கி இழுத்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டு தாங்கிய சிறுகிளையும் சேர்ந்து முறிந்துவிடும் என்பதைக் குழந்தைக்குச் செய்து காட்டிச் சொல்லுங்கள். பையில் போடும்போது எறியாமல் வைக்க வேண்டும், ஏனெனில் அடிபட்ட பழம் விரைவில் அழுகும். வீட்டில் கழுவாமலே குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும்போது மட்டும் கழுவுங்கள். ஆப்பிளிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு கீரையை விரைவில் மஞ்சளாக்கிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் வையுங்கள்.