சபையும் வாக்கும்: நடுவில் நிற்கும் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பரில் நடந்த இலங்கைப் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. ஐந்து ஆசனங்களில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு, ஒன்று தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு, ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்கு. இந்த முடிவுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். சபைகளுக்குள் நடந்தது வேறு கதை. ஒரே வாங்கில் இருந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள் தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்கும் திசைகாட்டிக்கும் பிரிந்து நின்றார்கள். இளைஞர் வாட்ஸ்அப் குழுவில் வசனமும் வசவும் மாறி மாறி வந்தன.

இந்த இரண்டு ஓரத்திலும் முழுசாக ஒட்டாதவர்கள் நம் சபைகளில் நிறைய இருக்கிறார்கள். தமிழருக்கு அதிகாரப் பகிர்வு வேண்டும், அதற்காக முஸ்லிம்களை எதிரியாக்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள். கொழும்போடு பேசலாம், ஆனால் ஒரு கொங்கிரீட் வீதிக்காக வாயை மூட முடியாது என்பவர்கள். இவர்களைக் கோழை என்று ஒரு பக்கமும் விவரம் தெரியாதவர் என்று மறுபக்கமும் சொல்வது பழகிப்போன விஷயம். அதை விடுங்கள். நடுவில் நிற்பவர்கள் விசுவாசத்தின் பெயரால் தாங்களே செய்துகொள்ளும் பிழைகள்தான் இங்கே பேச்சு.

பேசாமல் இருப்பதை நடுநிலை என்பது

ஆகப் பெரிய பிழை இதுதான். "நமக்கேன் அரசியல், நாங்கள் ஜெபிக்கிறவர்கள்" என்று ஒதுங்கிவிட்டு அதற்கு நடுநிலை என்று பெயர் வைப்பது.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். காலங்காலமாக மாடு மேய்த்த தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிப் பயிர் செய்தார்கள். பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அதற்கு முந்திய மாதம் நிலைமையைப் பார்க்கப் போன பல்சமயத் தலைவர்களையும் ஊடகவியலாளர்களையும் அந்த வெளியாட்கள் அங்கே வழிமறித்துத் தடுத்து வைத்தார்கள். பண்ணையாளர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். "இரண்டு பக்கமும் இருந்து பேசித் தீர்க்கட்டும்" என்று ஒரு சபை சொன்னால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் தரையை இழந்து, பட்டி மாடுகளையும் பறிகொடுத்து நிற்கையில் அப்படிச் சொல்வது யாருக்கு வசதி என்று கேட்டுப் பாருங்கள். சமாதானம் இல்லாத இடத்தில் "சமாதானம், சமாதானம்" என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை எரேமியா கண்டித்தது இதைத்தான்.

மட்டக்களப்பில் உண்மையாக நடுவில் நின்றவர்கள் யாரும் சத்தமில்லாமல் நின்றவர்கள் அல்ல. அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தவர். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையைத் தேடி அலையும் தாய்மாருக்காக முகாம் வாசலில் போய் நின்று கேட்பது அந்தக் காலத்தில் அந்தக் குழுவின் வேலை. 1988 ஜூன் 6ஆம் திகதி புளியந்தீவு மரியாள் ஆலயத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். கூட வந்த தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், அதே மரியாள் ஆலயத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் தரப்பு வழக்கைத் தொடரவில்லை என்றதும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். எல்லாத் தரப்பிடமும் கேள்வி கேட்டால் எந்தத் தரப்பும் காவலுக்கு வராது. நடுவில் நிற்பது பாதுகாப்பான இடம் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த ஊரின் கதை தெரியாது.

வசனத்தை எடுத்து வீசுவது

தேர்தல் காலத்தில் இரண்டு வசனங்கள் அதிகம் பறக்கும். ஒன்று, லவோதிக்கேயா சபைக்கு எழுதிய "குளிருமல்ல அனலுமல்ல." மிதமாகப் பேசுகிறவனை அடக்க இதை எடுப்பார்கள். தொடர்ந்து வருவதை வாசிப்பதில்லை. "நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று திமிரோடு இருந்த சபைக்குச் சொன்னது அது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியோடும் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியோடும் ஒரே நாளில் பேசப் போகிறவனுக்குச் சொன்னதல்ல.

மற்றது ரோமர் 13, "மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." இதை நடுவில் நிற்பவர்களே தங்களுக்கு விரோதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அதிகாரியிடம் கேள்வி கேட்டால் பாவம் என்பது போல. அதை எழுதிய பவுல் என்ன செய்தார்? பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் காலை இரகசியமாகப் போகச் சொன்னபோது அவர் போகவில்லை. ரோமக் குடிமக்களை நியாயம் விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தீர்களே, நீங்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோங்கள் என்றார். அதிகாரிகள் பயந்து வந்து கேட்டுக்கொண்டார்கள். இது அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. சட்டத்தை மதிப்பதும் சட்டப்படி நடக்கச் சொல்லி அதிகாரியைக் கேட்பதும் ஒரே மனிதரிடம் இருந்தன. மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுகிற பாஸ்டர் ரோமர் 13ஐ மீறுகிறார் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

"நம்ம ஆள்"

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2012 குடிசனக் கணக்கின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் கத்தோலிக்கரையும் மற்றக் கிறிஸ்தவரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழேதான். ஞானஸ்நானப் பெயரைப் பார்த்து விருப்பு வாக்குப் போட்டால் அந்த வேட்பாளர் சபையின் பிரதிநிதி ஆகிவிட மாட்டார். அவர் செய்யும் ஒவ்வொரு தவறும் சபையின் கணக்கில் எழுதப்படும், அவ்வளவுதான்.

தந்தை செல்வாவைப் பாருங்கள். அவர் கிறிஸ்தவர். 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார், 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார், 1956இலிருந்து அதே தொகுதிச் சைவ மக்கள் அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அவர் தன் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை, அதை வைத்து வாக்குக் கேட்கவும் இல்லை. அந்த மக்கள் மதத்தைத் தாண்டி ஆளைப் பார்த்தார்கள் என்றால், நாம் மட்டும் பெயரைப் பார்த்துப் புள்ளடி போடுவது வெட்கக்கேடு இல்லையா? மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது. தாராளமாக ஒரு சைவருக்கும் ஒரு முஸ்லிமுக்கும் போடலாம், ஆள் சரியென்றால்.

பீடத்தையும் மேடையையும் கலப்பது

திருவிழாவின் கடைசி நாள். திருப்பலி முடிந்து ஆசீர்வாதம் ஆவதற்கு முன் அறிவித்தல்கள். "இந்த ஒலிபெருக்கி செட்டை அன்பளிப்புச் செய்த எமது கௌரவ..." என்று தொடங்கும்போதே முன்வரிசையில் ஒருவர் சால்வையைச் சரிசெய்துகொள்வார். பொன்னாடை, கைதட்டல், இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக். அந்த இரண்டு வார்த்தை இருபது நிமிஷம் போகும். கத்தோலிக்கக் கோவிலோ மெதடிஸ்த சபையோ புதிய ஆராதனை மண்டபமோ, காட்சி இதேதான்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: தேர்தல் காலத்தில் இது சட்டவிரோதமாகலாம். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் தகாத செல்வாக்கு என்ற குற்றம் இருக்கிறது. வாக்காளருக்கு ஆவிக்குரிய கேடு வரும் என்று பயமுறுத்துவது அதில் சேரும். "இன்னாருக்குப் போட்டால் தேவ கோபம்" என்று சொல்வது அந்த வகை. வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கும்படியோ வேண்டாமென்றோ பேசுவது, அங்கே துண்டுப்பிரசுரம் கொடுப்பது, வழிபாட்டுத் தலத்தில் பிரசாரக் கூட்டம் வைப்பது எல்லாமே அதே குற்றம். வேட்பாளருக்குத் தெரிந்தே நடந்திருந்தால் தேர்தல் மனுவில் அவருடைய தெரிவே செல்லாமல் போகலாம். ஆக, பீடத்திலிருந்து ஆதரவு கேட்கும் போதகர் தன் ஆளுக்கு நன்மையும் செய்யவில்லை.

அதற்காக அரசியல்வாதி கோவில் வாசலே மிதிக்கக் கூடாது என்பதில்லை. வரட்டும், மற்றவர்களோடு வாங்கில் இருக்கட்டும், நற்கருணை வாங்கட்டும், போகட்டும். கூரைத்தகடு தருகிறேன் என்றால் தேர்தல் முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். உண்மையாகத் தர நினைத்தவர் திரும்பி வருவார். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொதியோடு பைபிளும் கொடுத்தார்கள் என்ற பேச்சு கிழக்கில் இருபது வருஷமாகியும் ஓயவில்லை. உதவியோடு வேறெதையும் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு காலம் பேச்சு வாங்க வேண்டிவரும் என்பதற்கு அது போதும்.

நம் சாவை மட்டும் எண்ணுவது

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து 30 பேர் அளவில் இறந்தார்கள். பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள். அந்தத் தாக்குதல்களைத் தலைமை தாங்கி நடத்திய சஹ்ரான் காத்தான்குடிக்காரர். அடுத்த கிழமையே "காத்தான்குடிக் கடையில் சாமான் வாங்காதே" என்ற செய்திகள் கைபேசியில் சுற்றின. அதை அனுப்பியவர்களில் நாள் தவறாமல் ஜெபம் பண்ணுகிறவர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரும். முதலாவது, ஒருவன் செய்ததை ஊர் முழுக்கத் தலையில் போடுவது. சஹ்ரானின் கூட்டம் 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களோடு மோதியது, அதற்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். அவருடைய வன்முறையை முதலில் அனுபவித்ததும், அவரைப் பற்றி முறையிட்டதும் அந்த ஊர் முஸ்லிம்களே. இதைச் சபையில் யாராவது எழுந்து சொல்லியிருந்தால் அந்தச் செய்திகளில் பாதி நின்றிருக்கும்.

இரண்டாவது பிழை பார்க்க நல்லதாகவே தெரியும். "நாங்கள் மன்னித்துவிட்டோம், இனி விசாரணை எதற்கு?" பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மன்னிப்பது அவளுடைய விஷயம். அவளுக்காக நானும் நீங்களும் மன்னிக்க முடியாது. மன்னித்தாலும் யாருக்கு முன்கூட்டியே தெரியும், ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது, கேள்வியை விடாமல் கேட்டவர்கள் வழக்குப் போட்டதால்தான். பழிவாங்காமல் இருப்பதும் வழக்கை விடாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. நடுநிலை அரசியலுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரக்கூடிய முதுகெலும்பு இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைச் சோதித்துப் பார்க்க உங்கள் சபையின் மன்றாட்டைக் கவனியுங்கள். ஏப்ரலில் சீயோன் சபைக்காக ஜெபிக்கிறோம், சரி. 1990 செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட 180க்கும் மேற்பட்ட தமிழருக்காகச் சில இடங்களில் ஜெபிக்கிறார்கள். அதற்கு ஐந்து கிழமை முன்னர், அதே வருஷம் ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்டில் ஒரு ஞாயிறு அவர்களுக்காக ஒரு வரி? வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டும். சிலர் எழுந்து போகவும் கூடும். போகட்டும். "இவர்களுக்காக எதற்கு, அவர்கள் நமக்காக ஜெபித்தார்களா?" என்று கேட்பவருக்கு மலைப்பிரசங்கத்தைக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு பதில் தேவையில்லை. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே மரத்தடியில் விளையாடவும் கதை கட்டவும் விட்டது. அதை நடத்தியவர்களில் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் ஒருவர். பெரியவர்களுக்கு அவ்வளவும் வேண்டாம், ஒரு வரி மன்றாட்டு போதும்.

சபைப் பொறுப்பில் இருப்பவர் தேர்தலில் நிற்கும்போது

பிரதேச சபைத் தேர்தல் வந்தால் இது கட்டாயம் வரும் கேள்வி. நல்ல கிறிஸ்தவர்கள் அரசியலுக்குப் போகவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மத்தேயு உரோம ஆதிக்கத்தின் கீழ் வரி வாங்கியவர், செலோத்தே சீமோன் அந்த ஆதிக்கத்தை வெறுத்த கூட்டத்தோடு பெயர் சேர்ந்தவர். இருவரும் பன்னிருவரில் இருந்தார்கள். ஆக, வெவ்வேறு கட்சியில் இருவர் நின்றாலும் சபை உடைந்துவிடாது. உடைவது வேறு காரணங்களால். பொருளாளர் தன் நோட்டீசில் "இன்ன சபையின் பொருளாளர்" என்று போடுவார். பெண்கள் சங்கத்தின் தொலைபேசிப் பட்டியல் பிரசாரக் காரியாலயத்துக்குப் போய்விடும். சபை வானில் கட்சி ஆட்கள் ஏறுவார்கள்.

வேட்புமனுவில் கையெழுத்து வைப்பதற்கு முன்னரே சபைப் பொறுப்பிலிருந்து எழுத்தில் விலகுங்கள். கணக்குப் புத்தகத்தையும் அலுமாரிச் சாவியையும் இன்னொருவரிடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து எடுங்கள். வென்றாலும் தோற்றாலும் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை திரும்பிப் பொறுப்பு ஏற்காதீர்கள். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வழக்கம்போல வாருங்கள், கட்சிச் சால்வையை வீட்டில் வைத்துவிட்டு.