சேணம் போடுமுன் குதிரையை இளக்குவது எப்படி

கடற்கரைச் சவாரிக்கு வாங்கிய குதிரை தலையை அண்ணாந்து தூக்குகிறது, முதுகைக் குழிக்கிறது, நிற்கச் சொன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. உடனே இன்னும் கடுமையான கடிவாளம் தேடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வாயில் வலி கூடக் கூட முதுகு இறுகும். முதுகு இறுகினால் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்றாது, குதிரைக்குத் தன்னையே நிறுத்திக்கொள்ள முடியாது. முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன.

சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. மேலே ஆள் ஏறினால் முன்பாரம் இன்னும் கூடும். சமநிலை என்பது அந்தப் பாரத்தில் கொஞ்சத்தைப் பின்னுக்கு வாங்கிக்கொள்ளப் பழகுவது. இறுகிய உடம்பால் அது முடியாது. அதனால் இளக்கம் முதலில்.

பயிற்சிக்கு முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்தி வரும்போது குதிரை பதுங்கினால் சேணம் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். பல் கூர்மையாக இருந்தாலும் தலையை உதறும். குமரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு மழைக்காலம், லாயம் காயாது. குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதி கறுத்து நாறினால் அழுகல்தான். முதலில் அதைக் குணமாக்கிவிட்டு வாருங்கள்.

இடம் முக்கியம். கடற்கரையின் காய்ந்த மணல் கால் புதையும், தசைநாருக்குக் கேடு. அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், வட்டம் போட ஆகாது. ரப்பர் தோட்டத்துச் சரிவும் வேண்டாம். கும்பப்பூ நெல் அறுத்துக் காய்ந்த வயலில் வெடிப்பும் வரப்பும் இல்லாத துண்டு கிடைத்தால் அருமை. தென்னந்தோப்பு என்றால் காய் விழாத வெளியாகப் பாருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடி மாதக் காற்று எழும்பினால் குதிரை காதை விறைத்துக்கொண்டு எதையும் கேட்காது. காற்று ஏறுமுன் விடியலிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு ஹால்ட்டர் (வாயில் இரும்பில்லாத தலைக்கயிறு), 3 மீட்டர் பருத்திக் கயிறு, கையுறை போதும். தும்புக்கயிறு கையை அறுக்கும். எந்தக் கயிற்றையும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

முதல் பாடம் தலை தாழ்த்துவது. இடது பக்கம் நின்று கயிற்றைக் கீழ்நோக்கி மெல்ல, ஒரே அளவில் பிடியுங்கள். இழுக்கக் கூடாது. தலை ஒரு விரற்கடை தாழ்ந்ததும் அந்தக் கணமே விட்டுவிடுங்கள். அழுத்தம் அல்ல, அதை விடும் நேரம்தான் குதிரைக்குப் பாடம் சொல்கிறது. இரண்டு வினாடி தாமதித்து விட்டால், அந்த நேரத்தில் அது செய்துகொண்டிருப்பதைத்தான் சரி என்று கற்கும். தலையைத் தூக்கும்போது தவறி விட்டால், தூக்கினால் விடுதலை என்று ஆகிவிடும். பெரும்பாலான குதிரைகள் கெடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது பின்புறத்தை நகர்த்துவது. இடது தோளருகே நின்று இடுப்பைப் பார்த்துக் கையை நீட்டுங்கள். இடது பின்னங்கால் வலது பின்னங்காலுக்கு முன்னால் குறுக்கே வைக்க வேண்டும். இரண்டு காலடி வந்தால் நிறுத்தித் தடவிக் கொடுங்கள். பிறகு வலப்பக்கம். ஒரு பக்கம் நிச்சயம் கடினமாக இருக்கும். அந்தப் பக்கம் நீண்ட நேரம் வேண்டாம், சிறிது சிறிதாகப் பலமுறை செய்யுங்கள். பின்னால் நடத்தும்போதும் இரண்டு மூன்று காலடி போதும். முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் ஜோடியாக நகர வேண்டும், கால் இழுபட்டால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

அடுத்தது லஞ்சிங், அதாவது நீளக் கயிற்றில் குதிரையை உங்களைச் சுற்றி வட்டமாக விடுவது. அதற்குக் கயிறு 8 மீட்டர். வட்டத்தின் விட்டம் 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, சின்ன வட்டம் மூட்டைத் தேய்க்கும். நடையிலும் ட்ராட்டிலுமாக (சிறு ஓட்டம்) மொத்தம் 15 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றம். அடியின் தாளம் மாறாமல், மூக்கால் புஸ்ஸென்று காற்று விட்டு, வாயை மென்று, கழுத்தைத் தாழ நீட்டினால் முதுகு இளகிவிட்டது. தலையைக் கயிற்றால் கீழே கட்டி இதே தோற்றத்தை வரவழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கழுத்து வளையும், முதுகு இறுகியபடியே இருக்கும்.

கமுகுத் தடி நம்மூரில் தாராளம். 13, 14 கை (ஒரு கை சுமார் 10 செ.மீ.) உயரக் குதிரைக்கு நடைக்கு 75 செ.மீ., ட்ராட்டுக்கு 1.1 மீட்டர் இடைவெளியில் மூன்று தடி போட்டு அவற்றைத் தாண்டி நடத்துங்கள். காலில் பட்டு உருளாமல் இரு முனையிலும் மண்ணணை கொடுங்கள்.

ஏறிய பிறகும் இதே வரிசைதான். சேணத்தோடு சேர்த்து உங்கள் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 300 கிலோக் குதிரைக்கு 60 கிலோ. தளர்ந்த லகானில் 10 நிமிடம் நடை, பிறகு 20 மீட்டர் வட்டம். ட்ராட்டில் குதிரையின் வெளித்தோள் (வட்டத்துக்கு வெளிப்புறத் தோள்) முன்னே போகும்போது சேணத்திலிருந்து எழும்புங்கள். வட்டத்தில் திருப்ப உள் லகானை இழுத்தால் கழுத்து மட்டும் வளையும், குதிரை வெளித்தோள் வழியாக நழுவும். வெளி லகான் நிலையாகத் தாங்கட்டும், உள்கால் வயிற்றுவார் அருகே மெல்ல அழுத்தட்டும்.

சமநிலைக்கு மிகச் சிறந்த பயிற்சி நடை மாற்றம்தான்: 10 காலடி நடை, 10 காலடி ட்ராட், மறுபடி நடை. நிறுத்த மூச்சை விட்டு, இடுப்பை அசைக்காமல் லகான் பிடித்த விரல்களை மட்டும் மூடுங்கள், நின்றதும் திறந்துவிடுங்கள். தலை மேலே எழும்பினால் கேட்டது அதிகம், நடைக்கே திரும்புங்கள்.

நமது ஈரக்காற்றில் வியர்வை எளிதில் காயாது. முடிந்ததும் 10 நிமிடம் நடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி வழித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு. கால் மணி நேரமாகியும் விலா வேகமாக ஏறி இறங்கினால், மறுநாள் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.