இலங்கையின் மலையகத்தைப் பற்றி எழுத வருகிறீர்களா?

எல்லவிலுள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தை விட்டுவிடுங்கள். அதைப் படம் எடுக்காதவர் எவருமில்லை. திருவிழா நாட்காட்டியைக் கையில் எடுங்கள்.

மாசியில் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம், பிறகு சிவன் மன்மதனை எரிப்பது என்று கதை இரவெல்லாம் நீளும். டிக்கெட்டும் இல்லை, அழைப்பிதழும் இல்லை. பகலிலேயே கோயில் கமிட்டித் தலைவரைப் பார்த்து, "ஐயா, எழுத வந்திருக்கிறேன்" என்று சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். மேடைக்கு முன்னால் இடம் தேடாதீர்கள். வேடம் கட்டுகிற இடத்தில் உட்காருங்கள். தப்பு என்ற பறையை நெருப்பில் காய்ச்சும்போது கலைஞர்கள் தாராளமாகப் பேசுவார்கள். அடிக்கத் தொடங்கிய பின் உங்கள் கேள்வி உங்களுக்கே கேட்காது.

அதே மாசியில், மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மனுக்குப் பஞ்சரதத் தேர். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ்ஸில் போகலாம். கம்பளி அவசியம்.

விழா முடிந்தபின் அனுப்பும் கட்டுரையை ஞாயிறு இதழ்கள் ஏன் போட வேண்டும்? போன வருடக் குறிப்புகளை வைத்து, இந்த வருட விழாவுக்கு முன்பே எழுதி அனுப்புங்கள். ஹட்டன், கண்டி நூல் வெளியீடுகளுக்கும் போய் வாருங்கள். பத்திரிகைக்காரர்களை அங்கே நேரில் பிடிக்கலாம். அச்சானதும் ஒரு பிரதியைக் கோயில் கமிட்டிக்குக் கொடுங்கள். அடுத்த கூத்து எந்த நாள் என்று அவர்களே அழைத்துச் சொல்வார்கள்.