வாங்கியது ஐந்து, முடித்தது ஒன்று

வாரத்துக்கு ஐந்து நாவல் வாங்குவேன், முடிப்பது ஒன்று. அதற்கும் மதிப்புரை எழுத உட்கார்ந்தால் கதாநாயகியின் பெயர்கூட நினைவுக்கு வராது. வாங்கிக் குவித்துவிட்டுப் படிக்காமல் விடுவதற்கு ஜப்பானிய மொழியில் ‘சுண்டோக்கு’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. நோய்க்குப் பெயர் கிடைத்ததில் ஓர் அற்ப ஆறுதல்.

முதலில் சோம்பலைத்தான் குற்றம் சொன்னேன். உண்மையில், படித்து முடித்தபின் நான்கைந்து நாள் ஆறப்போட்டதுதான் வினை. கற்றது தொடக்கத்தில் வேகமாக மறந்துபோகிறது, பிறகுதான் அந்த வேகம் தணிகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவிட்டார். (அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை, நாவல்கள் அவ்வளவு மோசமில்லை.)

ஆகவே பின்னட்டைக்குள் ஒரு தாளைச் செருகினேன். புத்தகத்தை மூடும் ஒவ்வொரு முறையும் பக்க எண்ணும் ஒரே ஒரு வரியும் எழுத வேண்டும். கதைச்சுருக்கம் கூடவே கூடாது. முன்பு என்னைக் கவிழ்த்ததே அதுதான். எரிச்சலூட்டிய இடம், நம்ப முடியாத உரையாடல், திரும்பப் படித்த பத்தி, இவை போதும். 300 பக்க நாவலுக்குப் பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்துவிடுகிறது. முடித்த அன்றிரவே அவற்றைக் கோத்தால் மதிப்புரை முக்கால்வாசி தயார்.

வாங்குவதற்கும் ஒரு பூட்டு: மதிப்புரை எழுதிய பிறகே அடுத்த நாவல். சென்ற வாரம் இரண்டு படித்தேன், இரண்டுக்கும் எழுதினேன், வாங்கியது மூன்று. மூன்றாவது பழைய புத்தகம். அது கணக்கில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.