செப்டம்பர்காரருக்கு நீலக்கல் வாங்குறதுக்கு முதல், கல்லை எப்பிடி பாக்கிறது

செப்டம்பர்ல பிறந்தாக்களுக்கு பர்த்ஸ்டோன் நீலக்கல், அதாவது சஃபயர். இந்த மாசக்கணக்கு லிஸ்ட் 1912ல அமெரிக்க நகை வியாபாரிகள் கூடி போட்டது, எங்கட சாத்திரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, இஞ்ச நீலம் எண்டா சனிக்குரிய கல், சாதகம் பாக்காம போட விடமாட்டன் எண்டு அம்மாமார் நிப்பாங்க. அந்த சண்டைய வீட்டுல தீர்த்துக்கொள்ளுங்க, நான் கல்லை பாக்கிற விதத்த மட்டும் சொல்றன்.

திருகோணமலைக்கு கல் வாறதே இரத்தினபுரி, எலஹெர பக்கமிருந்து கைமாறி கைமாறித்தான். அதால வித்தவர் சொல்ற கதைய விட கல்லுக்குள்ள இருக்கிறத நம்புங்க.

முதல்ல வெளிச்சம். கடை ஸ்பொட்லைட்டுக்கு கீழ கண்ணாடித்துண்டும் மினுங்கும். காலமை நேரத்தில வாசல் பக்கம் நிழலுக்கு கொண்டுவந்து, ஒரு வெள்ளைத்தாள்ல கல்லை கவிழ்த்து வச்சு பக்கவாட்டா பாருங்க. சிலோன் கல்லுல நிறம் ஒரே சீரா இருக்கிறது குறைவு, பட்டை பட்டையா நிக்கும், கல் வெட்டுறவர் அந்த நீலம் கிடக்கிற இடத்த அடிநுனிக்கு வாற மாதிரி வெட்டினா மேலால பாக்க முழுக்கல்லும் நீலம், பக்கத்தால பாத்தா முக்கால்வாசி நிறமே இல்ல. அது களவு இல்ல, கைத்திறமைதான், ஆனா விலை பேசக்குள்ள தெரிஞ்சிருக்கோணும். அந்த நிறக்கோடு நேரா, இல்லாட்டி மூலை மடிஞ்சு போகும். வில்லு மாதிரி வளைஞ்சு போனா அது உலையில உருக்கி செஞ்ச கல், நூறு வருசத்துக்கு மேலா அப்பிடி செய்றாங்க, உள்ள உருண்டை காத்துக்குமிழும் தெரியலாம்.

அடுத்தது 10 மடங்கு லென்ஸ். போன் டோர்ச்சை பக்கத்தால அடிச்சு கல்லை மெதுவா திருப்புங்க, தலைமயிரை விட மெல்லிய ஊசிகள் மூண்டு பக்கமா குறுக்க மறுக்க கிடக்குதா? இதத்தான் சில்க் எண்டு சொல்றது, ரூட்டைல் எண்ட கனிமம். இது நிறைய இருக்கிற கல்லை மொட்டையா உருட்டி மெருகேத்தினா ஆறு கதிர் நட்சத்திரம் ஓடும், நியூயோர்க் மியூசியத்தில இருக்கிற 563 கரட் ஸ்டார் ஒஃப் இந்தியா பேருக்குத்தான் இந்தியா, கல் எங்கட நாட்டுக்கல். ஊசி முழுசா இருந்தா பெரும்பாலும் சூடு காட்டாத கல், உடைஞ்சு புள்ளி புள்ளியா கிடந்தா சூடு காட்டினது. சூடு காட்டுறதும் ஊர் வழக்கந்தான், பால் மாதிரி மங்கலா கிடந்த கெவுடக் கல்ல தாய்லாந்துக்காரர் 70கள்ல இஞ்ச மலிவா வாங்கிக்கொண்டு போய் நீலமாக்கி வித்தாங்க. சொல்லிப்போட்டு வித்தா பிழையில்ல. உள்ள ஒண்டுமே இல்லாத பெரிய கல், விலையும் மலிவு எண்டா எனக்கு சந்தேகம் வரும்.

கல் தனியா இருந்தா நிறுத்தும் பாக்கலாம். நீலக்கல்லை நூல்ல தொங்கவிட்டு தண்ணிக்குள்ள நிறுத்தா எடை கால்வாசி குறையும், கண்ணாடி கிட்டத்தட்ட 40 வீதம் குறையும். உலைக்கல்லும் கால்வாசிதான் குறையும், அதால லென்ஸ் கட்டாயம்.

கண்ணாடியில கீறிக் காட்டுறன் எண்டு ஆராவது சொன்னா வேணாம் எண்டுருங்க. நீலக்கல்லின்ட கடினம் 9, வைரம் மட்டுந்தான் 10, ஆனா படிகக்கல்லும் கண்ணாடிய கீறும், உலைக்கல்லும் கீறும்.

பெரிய காசு எண்டா கொழும்பில தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையில குடுத்து டெஸ்ட் பண்ணி ரிப்போட் எடுங்க. சின்னக் கல்லுக்கு பில் காணும், ஆனா அதில இயற்கை நீலக்கல், இத்தனை கரட், சூடு காட்டினதா இல்லையா எண்டு எழுதித்தரச் சொல்லுங்க. எழுதமாட்டன் எண்டா கல்லை அங்கயே வச்சிட்டு வாங்க.