சுருதி நிற்கவில்லையா? பழைய பாணி கிட்டார் கீகளைச் சோதிப்பது, கம்பி போடுவது, மாற்றுவது

ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் மாதிரி எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி: "சுருதி நிக்கவே மாட்டேங்குது, கீ மாத்திடலாமா?" அதுவும் தகர மூடியும், கம்பி சுற்றப் பிளவுபட்ட போஸ்ட்டும் உள்ள பழைய பாணிக் கீ என்றால், "இது அப்படித்தான், லாக்கிங் கீ (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் கீ) போட்டுக்குங்க" என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். இந்தப் புகாரோடு வரும் கிட்டார்களில் பெரும்பாலும் கோளாறு நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளங்கள் உள்ள துண்டு) இருக்கும், இல்லையென்றால் கம்பி சுற்றிய விதத்தில் இருக்கும். கீ மீது பழி போடுவதற்கு முன் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஹெட்ஸ்டாக்கில் (கீகள் இருக்கும் தலைப்பகுதி) மாட்டும் ட்யூனர் அல்லது போன் ஆப், சின்ன ஸ்டார் ஸ்குரூ டிரைவர், கம்பி வெட்டும் கட்டர், 2B பென்சில், கொஞ்சம் பஞ்சு, தையல் மெஷின் எண்ணெய், ஒரு செட் புதுக் கம்பி. இங்கே ட்யூனர் என்றால் சுருதி காட்டும் கருவி, கீ என்றால் நாம் திருகுவது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கீ எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த க்ளூசன் நிறுவனத்தின் கீகள்தான் இதற்கு மூலம். 1950களில் ஃபெண்டரும் கிப்சனும் தங்கள் எலெக்ட்ரிக் கிட்டார்களில் இவற்றைத்தான் போட்டன. 60களின் பின்பாதியில் ஃபெண்டர் வேறு கீக்கு மாறியது. 80களின் தொடக்கத்தில் பழைய க்ளூசன் மூடப்பட்டது, 90களில் அந்தப் பெயரில் மறுபடி கீகள் வரத் தொடங்கின. இன்று ஜப்பானின் கோட்டோ முதல் பெயரே போடாத மலிவுக் கம்பெனிகள் வரை பலரும் இதே வடிவத்தைச் செய்கிறார்கள்.

உள்ளே இரண்டே உறுப்புகள்தான் முக்கியம். நீங்கள் திருகும் பொத்தானின் தண்டில் மரை மாதிரிச் சுற்றிவரும் வார்ம். அது கம்பி சுற்றும் போஸ்ட்டின் அடியில் உள்ள பல்சக்கரத்தைத் தள்ளும். வார்ம் சக்கரத்தைத் திருப்பும், சக்கரத்தால் வார்மைத் திருப்ப முடியாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னால் சுழலாது என்பதற்கு இதுதான் காரணம். "கீ நழுவுது" என்று சொல்வதில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

கோட்டோவின் எஸ்டி91 என்ற மாடலை எடுத்துக்கொண்டால் விகிதம் 15:1, அதாவது பொத்தானை 15 முறை சுற்றினால் போஸ்ட் ஒரு முறை சுற்றும். போஸ்ட்டின் விட்டம் சுமார் 6 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 19 மி.மீ. ஆக, பொத்தானின் ஒரு முழுச் சுற்றுக்குக் கம்பி 1.3 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழேதான் நகரும். நுணுக்கமாகச் சுருதி சேர்க்க இது போதும். 18:1 இன்னும் வசதிதான், ஆனால் விகிதம் கூடினால் சுருதி நிலையாக நிற்கும் என்று நினைப்பது தவறு.

படி 1: கையால் சோதியுங்கள்

ஒரு கம்பியை நன்றாகத் தளர்த்திவிட்டு, அதன் போஸ்ட்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை. லொடலொடவென்று ஆடினால் முதலில் ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம் போஸ்ட்டைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். புஷ்ஷிங் என்பது அதுதான். பழைய பாணியில் இது மரத்தில் இறுக்கி அடிக்கப்பட்டிருக்கும், மரை கிடையாது. மரம் சுருங்கினால் மேலே எழும்பி வரும். விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து பொத்தானை முன்னும் பின்னும் மெதுவாகத் திருகுங்கள். போஸ்ட் அசையாமல் பொத்தான் மட்டும் கொஞ்ச தூரம் சும்மா சுழலும். எல்லாக் கீயிலும் இது கொஞ்சம் உண்டு, பழைய பாணியில் கூடுதலாகவே இருக்கும். இது குறை இல்லை. சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தும் பழக்கம் இருந்தால் இந்த வெற்றுச் சுழற்சி தொந்தரவே செய்யாது. மேலே போய்விட்டால் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. ஒரு முழுச் சுற்றில் ஓர் இடத்தில் இறுகி, இன்னோர் இடத்தில் தளர்ந்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப அப்படியே நடந்தால் பல் சரியாக வெட்டப்படவில்லை அல்லது தண்டு வளைந்திருக்கிறது. மலிவுக் கீகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். அப்புறம், போஸ்ட்டின் பிளவுக்குள் பஞ்சைத் தேய்த்து இழுங்கள். நார் மாட்டிக்கொண்டால் அங்கே பிசிறு இருக்கிறது, மெல்லிய கம்பி அந்த இடத்தில்தான் அறுபடும். மிக நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு போதும்.

கிப்சன் வகையில் பச்சை கலந்த பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். நிஜமான 50களின் கீ என்றால் அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கி, விரல் பட்டாலே உதிரும். பொத்தானை மட்டும் மாற்றலாம், முழுக் கீயைக் கழற்ற வேண்டாம்.

படி 2: நட்டா, கீயா?

பெரும்பாலும் மூன்றாவது கம்பிதான் படுத்தும், அதை வைத்தே பாருங்கள். ட்ரெமொலோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி அமைப்பு) உள்ள கிட்டார் என்றால் கையை அதன் மேல் வைக்காதீர்கள்.

கம்பியைச் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். ஏற்றும்போது "டிங்" என்று சத்தம் வந்து சுருதி திடீரென்று தாவுகிறதா? நட்டில் கம்பி மாட்டுகிறது.

சத்தம் வராவிட்டால், நட்டுக்கும் கீக்கும் நடுவே கம்பியை விரலால் அழுத்தி விடுங்கள். ட்யூனரைப் பாருங்கள். சுருதி ஏறி நின்றால் நட்டுதான், சந்தேகமே வேண்டாம். அழுத்தியபோது அந்தப் பக்கம் போன கம்பி திரும்பி வர முடியாமல் பிடிபட்டுவிட்டது. கீ நழுவினால் சுருதி இறங்குமே தவிர ஏறாது.

இப்போது 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியை நன்றாக வளைத்து விடுங்கள். சுருதி இறங்கினால் மறுபடி நட்டுக்குப் பின்னால் லேசாக அழுத்துங்கள். பழைய இடத்துக்கு வந்துவிட்டால் நட்டு. வராமல் இறங்கியே நின்றால் போஸ்ட்டில் சுற்று சரியில்லை, அல்லது கீ அமர்ந்த இடம் தளர்ந்திருக்கிறது.

நட்டுக்கு எளிய வைத்தியம் பென்சில்தான். கம்பியை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் 2B முனையைத் தேய்த்து, கரித்தூள் படிந்த பிறகு கம்பியை வையுங்கள். பள்ளமே கம்பியைவிடக் குறுகலாக இருந்தால் பென்சில் உதவாது. அதை அளவான அரத்தால் அகலப்படுத்த வேண்டும், அது கை பழகியவர் வேலை.

படி 3: பிளவு போஸ்ட்டில் கம்பி போடுவது

ஃபெண்டர் வகைப் பழைய கீயில் போஸ்ட்டின் நடுவில் ஒரு செங்குத்துத் துளை இருக்கும். கம்பியின் நுனி அதற்குள் இறங்கிவிடும், வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் குத்தாது. எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் வேறு கீயில் செய்வது போலக் கம்பியை முதலில் சுற்றிவிட்டுக் கடைசியில் வெட்ட முடியாது. முதலிலேயே அளந்து வெட்ட வேண்டும்.

கம்பியைப் பிரிட்ஜிலிருந்து (உடல் பக்கம் கம்பி அமரும் இடம்) இழுத்து, அதன் போஸ்ட்டைத் தாண்டி நேராகப் பிடியுங்கள். அடுத்தடுத்த போஸ்ட்டுகளுக்கு நடுவே சுமார் 25 மி.மீ. இடைவெளி இருக்கும். இரண்டு போஸ்ட் தள்ளி, அதாவது 5 செ.மீ.யில் வெட்டினால் தடித்த கம்பிக்குச் சரியாக வரும். அதில் 1 செ.மீ. துளைக்குள் போய்விடும், மிச்சம் 4 செ.மீ. 19 மி.மீ. சுற்றளவில் இரண்டு சுற்று. மெல்லிய முதலிரண்டு கம்பிகளுக்கு 7 செ.மீ. விடுங்கள், மூன்று சுற்று கிடைக்கும். கடைசிக் கீக்கு அப்பால் போஸ்ட்டே இல்லாததால் ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள்.

மேலே சுற்றுக்கம்பி உள்ள தடித்த கம்பிகளை அப்படியே வெட்டாதீர்கள். நுனியில் 1 செ.மீ.யை முதலில் செங்கோணமாக மடித்து, அதற்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று பிரிந்து, ஸ்வரம் மங்கிப்போகும்.

மடித்த நுனியைத் துளையின் அடிவரை அழுத்தி, கம்பியைப் பிளவில் படுக்கவைத்து விரலால் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். பொத்தான்கள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கம்பி போஸ்ட்டைத் தொட்டு வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே விழட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறிய சுற்றுதான் வாசிக்க வாசிக்க அமர்ந்து சுருதியை இறக்கும். கீழே இறங்கினால் நட்டில் கம்பி அழுந்தும் கோணமும் சரியாக அமையும்.

எல்லாக் கம்பியும் போட்ட பிறகு, ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்து, மறுபடி சுருதி சேருங்கள். இழுத்தும் இறங்காத நிலை வரும்வரை. புதுக் கம்பியின் தளர்ச்சியைக் கீயின் தலையில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள்தான்.

படி 4: எண்ணெய்

மூடியில் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அது எண்ணெய் விடத்தான். இந்த மூடி காற்றுப் புகாதபடி அடைத்தது அல்ல, மடித்துப் பொருத்திய தகரம். உள்ளே கிரீஸ் காயும், தூசி போகும், கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் போகும். ஊசிமுனையில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பொத்தானை இருபுறமும் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். அதிகம் விட்டால் மரத்தில் இறங்கும். ஸ்ப்ரே டப்பா இங்கே வேண்டவே வேண்டாம், பாலீஷ் பாழாகும்.

படி 5: மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பல் தேய்ந்திருந்தால், தண்டு வளைந்திருந்தால் மாற்றுங்கள். க்ரோவர் ரோட்டோமேட்டிக், ஷாலர் எம்6 போன்ற அடைத்த உறைக் கீகள் நல்லவைதான், பராமரிப்பும் குறைவு. ஆனால் எடை அதிகம். தோளில் மாட்டினால் தலைப்பக்கம் சாயும் கிட்டாருக்கு அது இன்னொரு தொல்லை. நான் பழைய பாணிக்கே, நல்ல தயாரிப்பாகப் பார்த்து வாங்கச் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் பழைய கீ ஒன்றைக் கழற்றித் துளையை அளந்துவிடுங்கள். பழைய அளவு 11/32 அங்குலம், சுமார் 8.7 மி.மீ. புதிய கிட்டார்களில் 10 மி.மீ. 10 மி.மீ. துளையில் பழைய பாணிக் கீ போட, வெளிவிட்டம் பெரிதான புஷ்ஷிங் தனியாகக் கிடைக்கிறது. எதிர்த்திசையில், சின்னத் துளையைப் பெரிதாக்கத் துளைபோடுவது திரும்பப் பெற முடியாத வேலை. பழைய கிட்டாரில் அதைச் செய்து அதன் மதிப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஃபெண்டர் வகையில் பக்கத்துப் பக்கத்துக் கீகள் ஒரே ஸ்குரூவைப் பகிர்ந்துகொள்ளும், ஆறு கீக்கு ஏழே ஸ்குரூ. அதனால் ஆறையும் முதலில் தளர்வாக வைத்து, பொத்தான்கள் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முறுக்குங்கள். புதுத் துளை தேவைப்பட்டால் 1.5 மி.மீ. டிரில்லில், ஆழத்துக்கு டேப் சுற்றிக் குறித்துக்கொண்டு போடுங்கள். மேப்பிள் மரம் கடினம், ஸ்குரூவோ சின்னது. மரையில் மெழுகுவர்த்தியை ஒரு தடவு தடவாமல் முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும், மிச்சம் மரத்துக்குள்ளேயே நிற்கும். இறுகியது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், ஸ்குரூவின் வேலை கீயைச் சுழலாமல் பிடிப்பது மட்டும்தான். கழற்றிய கீ, புஷ்ஷிங், ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கிட்டார் பையிலேயே வைத்திருங்கள், விற்கும்போது கேட்பார்கள்.