சிக்னல்ல நின்னா மட்டும் ஹீட் ஏறுதா? ரேடியேட்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத பாருங்க

கார் ஓடுறப்ப டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது, டிராபிக்ல கொஞ்ச நேரம் நின்னா மேல ஏறுது, மறுபடி கிளம்பி நாப்பதுல போனா தானா இறங்கிடுது. இந்த மூணையும் மெக்கானிக்கிட்ட இதே மாதிரி சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது. ஆனா நிறைய பேர் "அண்ணே வண்டி ஹீட் ஆகுது"ன்னு மட்டும் சொல்லி சாவிய குடுத்துட்டு வந்துடுறாங்க, அவரும் ரேடியேட்டர கழட்டி சர்வீஸ் பண்ணி, கூலன்ட் (இன்ஜின ஆத்த ரேடியேட்டர் வழியா ஓடுற திரவம்) மாத்தி, பில்லும் போட்டு குடுப்பாரு, மறுநாள் அதே சிக்னல்ல அதே கதை.

ஓடுற வண்டிக்கு எதிர்க்காத்தே ரேடியேட்டர ஆத்திடும். நிக்கிற வண்டிக்கு ஃபேன விட்டா வேற கதியே இல்ல. அதனால நின்னா மட்டும் ஏறுதுன்னா மொதல் சந்தேகம் ஃபேன் மேலதான் வரணும், ரேடியேட்டர் மேல இல்ல. தலைகீழா, ஹைவேல போறப்ப ஏறி, ஐடிலிங்ல (வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடுறப்ப) சரியா இருந்தா அப்ப ரேடியேட்டர் அடைப்பு, இல்ல சூட்டுக்கு ஏத்த மாதிரி ரேடியேட்டருக்கு போற கூலன்ட்ட திறந்து மூடுற வால்வான தெர்மோஸ்டாட்னு யோசிக்கலாம்.

செக் பண்றது ஒண்ணும் கஷ்டம் இல்ல. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணி ஏசிய போடுங்க, இப்ப வர்ற பெரும்பாலான கார்ல ஏசி ஓடினா ஃபேனும் ஓடும். ஏசிக்கு சுத்துது, ஆனா ஏசி ஆஃப் பண்ணி இன்ஜின் நல்லா சூடானப்புறமும் சுத்தலன்னா மோட்டார் நல்லாதான் இருக்கு, டெம்பரேச்சர் சென்சார், ஒயரிங் பக்கம் தேடுங்க. ரெண்டு ஸ்பீடு ஃபேன்னா ஸ்லோ ஸ்பீடுக்கு உள்ள ரெசிஸ்டர் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுக்குமே சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு போற கரன்ட்ட ஆன் ஆஃப் பண்ற சின்ன மின் சுவிட்ச்), அப்புறம் ஃபேன் கனெக்டர், அது சூட்டுல உருகி கருகிப்போய் இருக்குறது ரொம்ப சகஜம். ரிலேய செக் பண்ண, ஃபியூஸ் பாக்ஸ்ல அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலேய மாத்தி மாட்டி பாத்தா போதும். ஒரு விஷயம், இன்ஜின் ஆஃப் பண்ணப்புறமும் சில வண்டில ஃபேன் திடீர்னு சுத்தும், விரல் பத்திரம்.

ஃபேன் சுத்துதே, அப்ப அது இல்லன்னு உடனே முடிவு பண்றதும் தப்பு. மோட்டார் மாத்தும்போது ஒயர் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிட்டா ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்தி, உள்ள இழுக்க வேண்டிய காத்த வெளிய தள்ளும். ஃபேன் ஓடுறப்ப முன்னாடி கிரில்ல ஒரு பேப்பர புடிங்க, உள்ள ஒட்டணும், பறந்து வந்தா மேட்டர் அதுதான். அதே மாதிரி ஆக்சிடென்ட் வேலை பாத்த வண்டில ஃபேன சுத்தி இருக்குற பிளாஸ்டிக் கூட்ட திரும்ப மாட்டாம விட்டுடுவாங்க, அது இல்லன்னா காத்து ரேடியேட்டர் வழியா வராம பக்கவாட்டுல சுத்திட்டு இருக்கும். ரேடியேட்டருக்கும் அதுக்கு முன்னாடி இருக்குற ஏசி கண்டென்சருக்கும் நடுவுல சேர்ற மண்ணு, பூச்சியையும் பாருங்க, ஆனா வாட்டர் வாஷ் கன்ன கிட்ட வச்சு அடிச்சா ஃபின்னு சொல்ற மெல்லிசு தகடெல்லாம் மடங்கி இருக்குற வழியும் அடைஞ்சுடும்.

சரி, இனி நம்ம ஊர் ஸ்பெஷல் வைத்தியங்கள். ஃபேனுக்கு டைரக்ட் கனெக்ஷன் குடுத்து டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச். இதுல ரிலே இல்லாம மெல்லிசு ஒயர் போட்டா அது இழுக்குற கரன்ட்டுக்கு ஒயரே உருகும், சுவிட்ச போட மறந்த அன்னிக்கு இன்ஜின் போச்சு. ரெண்டாவது, தெர்மோஸ்டாட்ட புடுங்கி எறியுறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு சொல்ற மெக்கானிக் இன்னும் இருக்காங்க. அது இல்லன்னா இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், மைலேஜ் அடிவாங்கும், சில இன்ஜின்ல பைபாஸ் வழி மூடாமலே இருக்குறதால கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாம சுத்தி ஹீட் இன்னும்தான் ஏறும்.

மூணாவது, போர் தண்ணி. உப்பு தண்ணிய ஊத்தி ஊத்தி உள்ள படியுற காறைதான் நிறைய ரேடியேட்டருக்கு எமன். கூலன்ட் ஐஸ் ஆகாம இருக்க மட்டும்தான்னு நெனச்சா தப்பு, துரு புடிக்காம பாத்துக்குறதும் கொதிநிலைய ஏத்துறதும் அதோட வேலை. கான்சன்ட்ரேட் வாங்கினா வண்டி மேனுவல்ல சொன்ன அளவுல டிஸ்டில்டு வாட்டர் கலக்குங்க, பாதிக்குப் பாதிதான் வழக்கம். கலர் ஒண்ணா இருக்குன்னு வேற டைப்ப கலக்காதீங்க. ஊத்தினப்புறம் ஏர் எடுக்கணும், உள்ள காத்து மாட்டிக்கிட்டா எல்லாம் புதுசா இருந்தும் ஹீட் ஏறும்.

சூடா இருக்குறப்ப ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஈரத்துணிய போத்தி திறக்குற ஆளுங்கள ரோட்டோரத்துல பாக்கலாம். குக்கர் மாதிரிதான், மூடி சுமார் 1 பார் பிரஷர புடிச்சு வச்சிருக்கு, அதனால உள்ள தண்ணி 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம இருக்கும். திறந்த நொடி பிரஷர் போய் அப்படியே பொங்கி மூஞ்சில அடிக்கும். சூடான இன்ஜின் மேல பச்சத்தண்ணி ஊத்துறதும் வேணாம், வெடிப்பு விழும்.

முள்ளயும் முழுசா நம்பாதீங்க. கூலன்ட் மொத்தமா ஒழுகிட்டா சென்சார் வெறும் காத்துல நின்னு கம்மியா காட்டும், இன்ஜின் உள்ள வெந்துட்டு இருக்கும். முள்ளே இல்லாம செவப்பு லைட் மட்டும் இருக்குற கார்னா ஒரு ஓபிடி ஸ்கேனர் (காரோட கம்ப்யூட்டர் போர்ட்ல சொருகுற சின்ன கருவி) வாங்கி மொபைல்ல டிகிரிய நேரா பாருங்க.

ஃபேன், காத்து, கூலன்ட் மூணும் சரி, இன்னும் ஏறுதுன்னா ஐடிலிங்ல தண்ணி தள்ள முடியாத வாட்டர் பம்ப், இல்ல ஹெட் கேஸ்கட் (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்குற பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்). காலைல ஆறின இன்ஜின்ல மூடிய திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி பாருங்க, குமிழி நிக்காம வந்துட்டே இருந்தா கேஸ்கட் மேலதான் பலமான சந்தேகம். இதுக்கு ஒழுகல அடைக்கிற ஸ்டாப் லீக் டப்பா ஊத்தி காச மிச்சம் பண்ண நெனச்சா அது சின்ன சின்ன வழியெல்லாம் அடைச்சு வைக்கும். ஹெட்ட கழட்டினா புது கேஸ்கட் போட்டு அப்படியே மாட்ட விடாதீங்க, லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் (கேஸ்கட் உக்கார்ற பரப்பு) வளைஞ்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க, பல சின்ன இன்ஜினுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சாலே அந்த பரப்ப சீவி சமமாக்குற ஃபேஸிங் பண்ணித்தான் ஆகணும்.